எட்கர் ஆலன் போவின் கதைத் தொகுதிகள்

1833ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் நடைபெற்றுவந்த வார இதழ் ஒன்று, சிறந்த சிறுகதைக்கு 50 டாலர் பரிசளிப்பதாக அறிவித்தது. வந்த கதைகளைப் படித்து முடிவு கூற நடுவர் மூவர் ஒரு மாலைப் பொழுதில் கூடினர். முதலில் எடுத்தவை பெரும்பாலும் சுவையற்றனவாக இருந்தமையால், சில வரிகள் படித்த அளவில் அவை ஒதுக்கப்பட்டன. இறுதியில் சிறு குறிப்பேடு ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. அதனுள் கதைகள் ஆறு இருந்தன. எழுத்து ஒவ்வொன்றும் அச்சிற் பொறித்தாற்போல் விளங்கிற்று. ஒரு கதையைப் படித்து முடித்தவர்கள் அடுத்ததைப் படியாதிருக்க இயலவில்லை. எதற்குப் பரிசு அளிப்பது என்பதே பின்னர் அவர்களுக்குத் தொல்லையாயிற்று! 'குப்பியிற் கிடைத்த கையெழுத்துப் படி' என்னும் பொருள்படும் பெயருடைய கதைக்குப் பரிசை வழங்கினர். அத்துடன் அமையாது, இந்நூலாசிரியர் தம் புகழ் கருதியும் படிப்போர் இன்பம் கருதியும் இக்கதைகள் முழுவதையும் ஒரு நூலாக வெளியிடுதல் வேண்டும் என்றும் அவ்விதழிலேயே எழுதினர்.

அக்குறிப்பேட்டிற்கு உரிய இளைஞருக்கு அப்பொழுது வயது 24. அவர் பெயர் எட்கர் ஆலன் போ. ('போ' என்பது ஈண்டு ஏவல்வினை அன்று, குடிப்பெயர்.) நடுவர் கூறிய சொல்லை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. தம் கதைகளை எல்லாம் தாம் எண்ணியவாறே ஒழுங்குசெய்து, ஒரு முழு நூலாக உலகிற்கு அளித்தல் வேண்டும் என்பது அவருடைய தணியா வேட்கையாயிற்று. அவ்வேட்கை பட்ட பாட்டினைக் கூறுவதே இப்பாடம்.

போ 1809ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் நாடக மேடையில் நடித்துப் பிழைத்தவர்கள். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாயும் 1811ஆம் ஆண்டின் இறுதியில் ரிச்மண்டு நகரில் இறந்தார். மூன்று வயது நிரம்பாத அக்குழந்தையை அந்நகரத்து வணிகராகிய ஜான் ஆலன் என்பவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று வளர்த்தார். ஆயினும் முறைப்படி மகனாக ஏற்றுக்கொண்டாரில்லை. ஐந்தாண்டுகள் இங்கிலாந்தில் கல்வி, பின்னர் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சில திங்கள், கடன், சூதாட்டம், வளர்ப்புத் தந்தையோடு பிணக்கு, பொய்ப்பெயருடன் படையிற் சேர்தல், வெஸ்ட் பாயிண்டுப் படைக் கல்லூரியினின்று விலக்கப்படுதல் என இளமை கழிந்தது. 1831ஆம் ஆண்டளவில் அவர் பால்டிமோரில் தம் அத்தையாகிய மரியா கிளெம் என்னும் கைம்பெண்ணின் வறிய இல்லத்தை அடைந்தார்.

பரிசு பெற்ற பின்னரும் வறுமை நீங்கவில்லை. நடுவருள் ஒருவர் ஜான் பெண்டில்டன் கென்னடி என்னும் வழக்கறிஞர், அவர் கதையாசிரியருமாவார். 1835இல் அவர் போவைத் தம் இல்லத்திற்கு விருந்துண்ண அழைத்தார். அழைப்பிற்கு இணங்கி வருவதற்குத் தக்க ஆடை தம்மிடம் இல்லை என்பதை நாணத்தோடு மறுமொழியில் குறிப்பிட நேர்ந்தது போவுக்கு. கென்னடி அவருக்கு உடை அளித்தார். தம் வீட்டில் வேண்டும்பொழுது உண்ண இசைந்தார். ரிச்மண்டிலிருந்து வெளிவந்த திங்களிதழ் ஒன்றில் பணி கிடைக்கவும் துணைசெய்தார். எழுத்தாளர் ஒருவரின் திறனை அறிந்தவர், அவருடைய பசியையும் அறிந்துகொண்டது அருமையே அன்றோ?

போ முதன்முதலில் எண்ணிய நூல் வெறுங் கதைக் கோவை அன்று. 'போலியோ கழகக் கதைகள்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். உறுப்பினர் பதினொருவர் திங்கள்தோறும் விருந்திற்குக் கூடுவர். ஒவ்வொருவரும் ஒரு கதை படிப்பர். படித்த கதையைப் பிறர் குறை நிறை ஆராய்வர். மிக இழிந்த கதையைப் படித்தவர் அடுத்த விருந்திற்குச் செலவு செய்தல் வேண்டும். இஃது அந்நூலின் அமைப்பு. விக்கிரமாதித்தன் கதையில் பதுமைகளும் வேதாளமும் கதை கூறும் முறையை அறிந்த நமக்கு இவ்வமைப்புப் புதுமையன்று. ஆயினும் கதை கூறுவோரையே நகையாடும் அங்கதம் போவின் அமைப்பில் உண்டு. அந்நூல் அவ்வடிவில் அச்சேறவே இல்லை.

1836இல் நியூயார்க்கு நகரத்து ஹார்ப்பர் பதிப்பகத்தார் அக்கதைகளை ஏற்க மறுத்து, மூன்று காரணங்களை எழுதினர். அவற்றுட் பல முன்னரே இதழ்களில் வெளிவந்துவிட்டன என்பது ஒன்று. அமெரிக்க மக்கள் தனித்தனிக் கதைகளை விரும்பார். ஒரே கதை ஒரு நூல் முழுவதும் தொடர்ந்து செல்வதையே விரும்புவர் என்பது மற்றொன்று. கதைகள் கல்வி மிக்கனவாயும் மறைபொருள் உடையனவாயும் இருத்தலின் மிகச் சிலர்க்கே விளங்கும் என்பது மூன்றாவது. இம்மறுப்பினால் விளைந்த நன்மையும் ஒன்று உண்டு. தொடர்கதையே வேண்டும் என்றவர்களுக்காகப் போ தென்கடற் பயணம் பற்றிய நெடுங்கதை ஒன்றை எழுதினார். 1838இல் அப்பதிப்பகத்தாரே அதனை வெளியிட்டனர். அவர் எழுதி முடித்த நெடுங்கதை அஃது ஒன்றே.

அடுத்த ஆண்டு வாயில் சிறிது திறந்தது. பிலடெல்பியா நகரத்து லீ, பிளான்சர்டு என்னும் பதிப்பாளர் போவின் கதைகள் இருபத்தைந்தை இரண்டு தொகுதிகளாக வெளியிட இசைந்தனர். 1839ஆம் ஆண்டின் இறுதியில் நூல் வெளிவந்தது. முகப்பில் 1840 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அவர்கள் விதித்த முறைமை யாது? அச்சுச் செலவு பதிப்பாளருடையது. ஊதியம் முழுவதும் பதிப்பாளருக்கே. ஆசிரியருக்கு நூலுரிமையும், நண்பர்க்கு வழங்கச் சில படிகளும் மட்டுமே. அச்சிட்ட படிகள் 750. ஏழாண்டுக் காலம் எழுதிய எழுத்திற்கு ஒரு காசும் வரவில்லை. ஆயினும் போ உடன்பட்டார். பொருளைவிட நூலே அவருக்குப் பெரிதாகத் தோன்றிற்று.

அத்தொகுதிக்கு அவர் இட்ட பெயரில் இரு சொற்கள் உள்ளன: ஒன்று குரோட்டஸ்க், மற்றொன்று அரபெஸ்க். இரண்டும் ஓவியக் கலையைச் சார்ந்தவை. பண்டை உரோம நாட்டு மாளிகைகளின் மண்மூடிய அறைகளைப் பிற்காலத்தார் அகழ்ந்தபொழுது, அச்சுவர்களில் மனித உடலும் விலங்கின் தலையும் செடிகொடிகளும் ஒன்றோடொன்று கலந்த விந்தை ஓவியங்களைக் கண்டனர். நிலவறை என்னும் பொருள்படும் சொல்லினின்று அவற்றிற்குக் குரோட்டஸ்க் என்னும் பெயர் வந்தது. அரபெஸ்க் என்பது அராபியரின் கொடிப்பின்னல் ஓவியம். தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஒன்றனுள் ஒன்று பின்னிச் செல்வது அதன் இயல்பு. நகைப்பும் அருவருப்பும் கலந்த கதைகளை முன்னதற்கும், அச்சமும் வியப்பும் அழகும் பின்னிய கதைகளைப் பின்னதற்கும் உரியனவாகக் கொள்ளலாம்.

அத்தொகுதியின் முன்னுரை சிறியது. ஆயினும் அவர் கதைகளுக்கெல்லாம் திறவுகோல் போன்றது. அக்காலத்தில் ஜெர்மன் நாட்டுப் பேய்க்கதைகள் ஆங்கிலத்தில் மிகுதியாக உலவின. பாழடைந்த கோட்டை, சங்கிலி ஒலி, நள்ளிரவு உருவங்கள் ஆகியவற்றால் படிப்போரை நடுங்கச் செய்வது அவற்றின் தொழில். போவும் அவ்வழியினரே எனச் சிலர் குறை கூறினர். தம் கதைகளில் வரும் அச்சம் ஜெர்மனியிலிருந்து வந்ததன்று, மனித ஆன்மாவிலிருந்தே எழுவது என்று அவர் அம்முன்னுரையில் விடையிறுத்தார்.

இவ்விடையின் பொருளைத் தமிழ் கற்போர் எளிதில் உணர இயலும். தொல்காப்பியனார் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அது பிறக்கும் இடங்கள் என்றார். தெய்வமும் பேயும் அச்சுறுத்தும், புலி அச்சுறுத்தும், வழிப்பறிக் கள்வன் அச்சுறுத்துவான், சினங்கொண்ட அரசனும் அச்சுறுத்துவான். இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. போவின் சிறந்த கதைகளிலோ, அஞ்சுவோனும் அவன் அஞ்சும் பொருளும் ஒருவனே. கதவைத் தாழிட்டால் கள்வனைத் தடுக்கலாம். தன் நெஞ்சத்தைத் தான் எவ்வாறு தாழிடுவது?

1843இல் அவர் வெளியிட்ட 'காட்டிக்கொடுத்த நெஞ்சம்' என்னும் கதை இதற்குத் தக்க சான்றாகும். அச்சிற் சில பக்கங்களே கொண்ட அக்கதையைக் கூறுபவன் ஒரு கொலைஞன். தான் பித்தன் அல்லன் என்பதை மெய்ப்பிக்கவே அவன் பேசுகின்றான். ஒரு முதியவரோடு அவன் வாழ்ந்தான். அவர்பால் அவனுக்குப் பகை இல்லை. அவருடைய பொருளின்மீதும் ஆசை இல்லை. படலம் படர்ந்த வெளிர்நீலக் கண் ஒன்று அவருக்கு இருந்தது. கழுகின் கண்ணை ஒத்த அக்கண்ணை அவனால் பொறுக்க இயலவில்லை. ஏழிரவு அவன் அவருடைய அறைக்கதவை மெல்லத் திறந்து நோக்கினான், கண் மூடியிருந்தது. எட்டாம் இரவு அது திறந்திருந்தது. கொன்றான்; உடலைத் தரைப் பலகைகளின் கீழ் மறைத்தான். அலறல் கேட்டதாக அயலார் கூறக் காவலர் மூவர் வந்தனர். அவன் அஞ்சினானில்லை. அவர்களுக்கு இருக்கை அளித்து, உடல் கிடந்த இடத்தின் மேலேயே தன் நாற்காலியை இட்டு அமர்ந்தான். அவர்கள் இனிமையாக உரையாடிக்கொண்டிருந்தனர். அப்பொழுது அவன் செவியில் ஓர் ஒலி எழுந்தது. துணியாற் சுற்றிய கடிகாரம் ஒலிப்பது போன்ற மெல்லொலி. வரவர அது வளர்ந்தது. இறந்தவரின் நெஞ்சே பலகையின் கீழ்த் துடிக்கின்றது என்று அவன் எண்ணினான். காவலர் அதனைக் கேட்டும் கேளாதவர் போல் நடித்துத் தன்னை எள்ளுவதாகவும் கருதினான். இறுதியில் தாங்காமல் கூவித் தன் குற்றத்தைத் தானே வெளியிட்டான். காவலர் எதையும் கேட்டிலர். துடித்தது யாருடைய நெஞ்சம்? ஆசிரியர் கூறவில்லை, கூறாமையே கதையின் ஆற்றல்.

1839இல் எழுதிய 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' வேறு வகையினது. இலையுதிர் காலத்து மாலையில் ஒருவன் தன் இளமை நண்பனைக் காணச் செல்கின்றான். மாளிகையின் முன்னே கருநீர்க் குளம். கூரையிலிருந்து நீர்மட்டம் வரை சுவரிலே மிக மெல்லிய வெடிப்பு ஒன்று நெளிந்து செல்கின்றது. நண்பனோ புலன்கள் யாவும் அளவிறந்து கூர்மையுற்ற நோயாளன். ஒளியும் ஒலியும் மணமும் அவனை வருத்தும். அவனோடு பிறந்த இரட்டைத் தங்கை இறந்துவிட்டதாக எண்ணி, உடலை மாளிகையின் நிலவறையில் வைக்கின்றனர். சில நாட்கள் கழித்துப் புயல் வீசும் இரவொன்றில், தான் உயிரோடு புதைத்துவிட்டதைத் தன் கூர்ஞ்செவியால் முன்னரே அறிந்திருந்தும் சொல்லத் துணியவில்லை என்று அண்ணன் அலறுகின்றான். கதவு திறக்கின்றது, குருதி படிந்த ஆடையோடு தங்கை நிற்கின்றாள். இருவரும் ஒருங்கே வீழ்ந்து மாய்கின்றனர். வந்தவன் ஓடித் திரும்பி நோக்குங்கால், முதலிற் கண்ட அம்மெல்லிய வெடிப்பு அகன்று பிளக்க, மாளிகை முழுவதும் குளத்தில் ஆழ்கின்றது. கதையின் தொடக்கத்தில் போகிறபோக்கில் காட்டிய வெடிப்பு, முடிவில் மாளிகையையே விழுங்குவதை மாணவர் நோக்குதல் வேண்டும். போவின் கதையில் வீணான சொல் காண்பது அரிது.

இருண்ட கற்பனையை அவர் வானுலகிற்கும் செலுத்தினார். 1839இல் வந்த கதை ஒன்றில், அழிந்துபோன உலகத்து ஆன்மாக்கள் இரண்டு உரையாடுகின்றன. வால்வெள்ளி ஒன்று நிலவுலகை நெருங்குகின்றது. அது மிக மெல்லிய ஆவியாலானது, இடித்தாலும் தீங்கு இல்லை என்று வானநூலார் தேற்றுகின்றனர். அவர்கள் கூறியது உண்மையே. ஆனால் வால்வெள்ளி தீண்டியவுடன் காற்றிலுள்ள நைட்ரசன் நீங்கிவிடுகின்றது. எஞ்சி நின்ற ஆக்சிசன் உலகையே ஒரு தீப்பிழம்பாக்குகின்றது. 1835இல் ஹாலியின் வால்வெள்ளி தோன்றி மறைந்து நான்கு ஆண்டுகளே கழிந்த காலத்தில் எழுந்த கதை அஃது. அறிவியல் கூறும் மெய்யைக் கொண்டே அச்சத்தை எழுப்பும் இம்முறை, பின்னர் வந்த அறிவியற் கதைகளுக்கு முன்னோடியாயிற்று.

சிறுகதை இன்னவாறு அமைதல் வேண்டும் என்பதைப் பற்றியும் போ தெளிந்த கொள்கை உடையவர். 1842இல் நத்தானியல் ஹாதார்ன் என்னும் ஆசிரியரின் கதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதியபொழுது அதனை விளக்கினார். சிறுகதை ஒரே இருப்பிற் படித்து முடிக்கத்தக்கதாக, அரை மணி முதல் இரண்டு மணி வரையில் அடங்குதல் வேண்டும். படிப்போர் உள்ளத்தில் எழுப்ப வேண்டிய உணர்ச்சி ஒன்றனை ஆசிரியர் முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்கேற்ப நிகழ்ச்சிகளைப் படைத்தல் வேண்டும். முதல் வாக்கியமே அவ்வுணர்ச்சியை நோக்கி நடவாதாயின், முதல் அடியிலேயே தோல்வி உற்றவர் ஆவர். பின்வந்த சிறுகதையாசிரியர் பலரும் இக்கொள்கையைப் போற்றினர். போவே இதனை எப்பொழுதும் பின்பற்றினார் என்று கூற இயலாது. அவருடைய நகைச்சுவைக் கதைகள் பல இன்று படிப்பதற்கு அயர்வு தருகின்றன. அக்காலத்து இதழாசிரியர்களைக் கேலி செய்யும் பகுதிகளை விளக்கவுரை இன்றிப் புரிந்துகொள்ளவும் இயலாது. சில கதைகளில் கொடுமை கலையை மீறியும் நிற்கின்றது.

முதல் தொகுதி விற்கவில்லை. 1841இல் புதிய கதைகளையும் சேர்த்து மறுபதிப்பு வெளியிடுமாறு, முன்போலவே ஊதியம் வேண்டாமல், 20 படிகள் மட்டும் கேட்டுப் போ எழுதினார். பழைய பதிப்பே இன்னும் தீரவில்லை என்று பதிப்பாளர் மறுத்துவிட்டனர். அவர் சோர்ந்தாரில்லை. மறு ஆண்டு அத்தொகுதியின் தம் படி ஒன்றை எடுத்து, பக்கந்தோறும் சொற்களைத் திருத்தினார். கதைகளின் வரிசையை மாற்றினார். 'கற்பனைக் கூறுகள்' என்னும் பொருள்படும் புதுப்பெயரும் புதிய பொருளடக்கமும் தம் கையால் எழுதி வைத்தார். அச்சிடுவார் எவரும் கிடைத்திலர். 1843இல் தனித்தனிச் சிறுவெளியீடுகளாகக் கதைகளைக் கொணரும் முயற்சி தொடங்கிற்று. பன்னிரண்டரை செண்டு விலையில் இரு கதைகள் கொண்ட முதல் வெளியீடு வந்தது. இரண்டாவது வெளிவரவே இல்லை. அதே ஆண்டில் 'பொன்வண்டு' என்னும் கதை தனியாக 100 டாலர் பரிசு பெற்றது. தனிக்கதைக்குப் பரிசு உண்டு, தொகுதிக்கு இடமில்லை. இதுவே அவருடைய ஊழ் போலும்!

1845ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 'அண்டங்காக்கை' என்னும் பாட்டு அவரை நாடறியச் செய்தது. அப்புகழின் பயனாக அவ்வாண்டிலேயே நியூயார்க்கு நகரத்து வைலி, புட்னம் பதிப்பகத்தார் 'கதைகள்' என்னும் பெயருடன் ஒரு தொகுதி வெளியிட்டனர். விலை 50 செண்டு. படி ஒன்றிற்கு 8 செண்டு ஆசிரியருக்கு உரிமைத் தொகை. ஆனால் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. பதிப்பகத்தாரின் துணையாசிரியராகிய எவர்ட் டைக்கிங்க் என்பவர், எழுபதளவில் இருந்த கதைகளுள் பன்னிரண்டைத் தேர்ந்தார். துப்பறியும் அறிவுத்திறத்தை விளக்கும் கதைகளில் அவருக்கு விருப்பம் மிகுதி. 'மார்க்கு வீதிக் கொலைகள்' முதலிய துப்பறியும் கதைகள் மூன்றும் இடம்பெற்றன. 'காட்டிக்கொடுத்த நெஞ்சம்' இடம்பெறவில்லை. போ தம் கதைகளுட் சிறந்ததெனக் கருதிய 'லைஜியா'வும் விடப்பட்டது.

மறு ஆண்டு ஆகஸ்டில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் போ தம் மனக்குறையை வெளியிட்டார். இத்தொகுதி தம் உள்ளத்தின் பல்வேறு இயல்புகளையும் காட்டவில்லை. ஒரு வகையை மட்டுமே காட்டுகின்றது என்றார். நீண்ட இடைவெளிகளில் ஒவ்வொன்றாக எழுதிய காலத்தும், நூலின் ஒருமையைத் தாம் ஒருபொழுதும் மறந்ததில்லை என்றும், ஒவ்வொரு கதையும் ஒரு முழுமையின் பகுதியாகவே எழுதப்பட்டது என்றும், பொருளிலும் நடையிலும் ஒன்றுபோல் மற்றொன்று இராதவாறு அமைப்பதே தம் நோக்கம் என்றும் விளக்கினார். மாலை தொடுப்பவன் ஒவ்வொரு மலரையும் மாலையை எண்ணியே பறிக்கின்றான். பிறன் ஒருவன் வந்து சிவந்த மலர்களை மட்டும் எடுத்துக் கட்டினால் அதுவும் மாலைதான்; ஆனால் அவன் எண்ணிய மாலை அன்று.

அக்கடிதம் எழுதிய காலத்தில் அவர் நியூயார்க்கை அடுத்த போர்டம் என்னும் சிற்றூரில் சிறு குடிலொன்றில் வாழ்ந்தார். மனைவி வர்ஜீனியா, மரியா கிளெம்மின் மகள்; எலும்புருக்கி நோயால் நலிந்திருந்தார். குளிர்காலத்தில் அக்குடிலுக்குச் சென்ற பெண்மணி ஒருவர் தாம் கண்டதை எழுதியுள்ளார். வைக்கோல் மெத்தையில் கிடந்த நோயாளிக்குக் கணவரின் மேலங்கியே போர்வை. மார்பின்மீது படுத்திருந்த பெரிய பூனை வெம்மை தந்தது. கைகளைக் கணவரும் கால்களை அன்னையும் பற்றிச் சூடேற்றினர். 1847 ஜனவரி 30ஆம் நாள் வர்ஜீனியா இறந்தார். உலகம் வியக்கும் இருட்கதைகளை எழுதியவர் இருளை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர். துயரமும் குடிப்பழக்கமும் அவருடைய உடலைச் சிதைத்தன. 1849 அக்டோபர் 7ஆம் நாள் பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் அவர் உயிர் நீத்தார். வயது நாற்பது.

இரண்டு நாட்களுக்குள் நியூயார்க்கு நாளிதழில் ஒரு கட்டுரை வந்தது. போவின் இறப்பு பலரைத் திடுக்கிடச் செய்யும், வருந்துவோர் சிலரே என்னும் கருத்தோடு அது தொடங்கிற்று. எழுதியவர் பொய்ப்பெயரின் பின் மறைந்திருந்த ரூபஸ் கிரிஸ்வால்டு. போ முன்னர் இவருடைய கவிதைத் திரட்டைக் குறைகூறி எழுதியதுண்டு. இருவருக்கும் உட்பகை இருந்தது. வியப்பு யாதெனில், போவின் நூல்களைத் தொகுக்கும் பொறுப்பும் இவருக்கே வாய்த்தது. வறிய மாமியார் அதற்குரிய உரிமையை அவருக்கு எழுதிக்கொடுத்தார். 1850இல் மூன்று தொகுதிகளும் 1856இல் நான்காவதும் வெளிவந்தன. போ வாழ்நாளெல்லாம் ஏங்கிய முழுத்தொகுப்பு, அவர் கல்லறைக்குச் சென்றபின், அவருடைய பகைவர் கையால் உருவாயிற்று! மரியா கிளெம்முக்குப் பணம் வரவில்லை. விற்றுக்கொள்ளுமாறு நூற்படிகள் சில அளிக்கப்பட்டன.

மூன்றாம் தொகுதியில் கிரிஸ்வால்டு ஒரு வாழ்க்கை வரலாற்றைச் சேர்த்தார். அதிற் போ நன்றியும் நாணமும் அற்ற கொடியவராகக் காட்டப்பட்டார். அதற்குச் சான்றாகப் போவின் கடிதங்களையே அச்சிட்டார். நண்பர்கள் மறுத்து எழுதினர். ஆயினும் தொகுதி பலமுறை அச்சாயிற்று. அதனோடு பழியும் பரவிற்று. 1941இல் ஆர்தர் ஹாப்சன் குவின் என்னும் பேராசிரியர் மூலக் கடிதங்களையும் அச்சிட்டவற்றையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகே உண்மை முற்றும் வெளிப்பட்டது. கடிதங்களில் இல்லாத தொடர்களைக் கிரிஸ்வால்டு தாமே புனைந்து சேர்த்திருந்தார். ஏடு எழுதுவோன் பிழையால் பாடம் வேறுபடுவதுண்டு. பகையால் வேறுபடுத்தினால் அதனைத் திருத்தத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகும் போலும். இத்தனைக்கும், கதைகள் அழியாமல் ஓரிடத்திற் கிடைக்கச் செய்தது அத்தொகுதியே என்பதையும் மறுத்தல் ஆகாது.

கடலுக்கு அப்பால் வேறொரு தொகுப்பாளர் தோன்றினார். அவர் பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் பொதலேர். போவின் கதைகளை முதலிற் கண்டபொழுது, தாம் எழுத எண்ணியிருந்தவற்றையே பிறர் ஒருவர் முன்னரே எழுதிவைத்திருப்பதாக அவர் உணர்ந்தார். 1856 முதல் 1865 வரை ஐந்து நூல்களாகப் போவை மொழிபெயர்த்தார். அவர் கையாண்ட ஒழுங்கு கருதத்தக்கது. மக்களை ஈர்க்கும் துப்பறியும் கதைகளையும் வியத்தகு பயணங்களையும் முதல் நூலின் முன்னே வைத்தார். உள்ளத்தின் ஆழ்ந்த இருளைக் காட்டும் 'அஷர் மாளிகை', 'காட்டிக்கொடுத்த நெஞ்சம்', 'வில்லியம் வில்சன்' போன்றவற்றைப் படிப்போர் பழகிய பின்னர் இரண்டாம் நூலில் அளித்தார். டைக்கிங்க் வாயிலிலேயே நின்றுவிட்டார். பொதலேர் வாயிலின் வழியே உள்ளே அழைத்துச் சென்றார். பிரெஞ்சு நாட்டு ஜூல் வெர்ன், போவின் தென்கடல் நெடுங்கதைக்குத் தொடர்ச்சியாக ஒரு கதை எழுதி 1897இல் வெளியிட்டார். ஜப்பான் நாட்டில் துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஹிராய் தாரோ என்பவர், எட்கர் ஆலன் போ என்பதையே ஜப்பானிய ஒலிப்படுத்தி 'எடோகாவா ராம்போ' எனத் தமக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டார்.

தாயகத்தில் 1902ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் போவின் எழுத்துக்களைப் பதினேழு தொகுதிகளாக வெளியிட்டார். அதன்பின் தாமஸ் ஆலிவ் மாபட் என்னும் பேராசிரியர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வொரு பணிக்கே செலவிட்டார். இதழிலும் தொகுதியிலும் ஒவ்வொரு கதையும் அச்சான வடிவங்கள் அனைத்தையும் ஒப்பிட்டு, போ எங்கெங்கே எச்சொல்லை மாற்றினார் என்பதைக் குறித்தார். 1968இல் அவர் இறந்தபொழுது பணி முழுவதும் அச்சேறவில்லை. அவருடைய மனைவியும் உதவியாளர் ஒருவரும் துணைநிற்க, 1978இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பாகக் கதைகள் இரு பெருந்தொகுதிகளில் வெளிவந்தன. 1842இல் போ தம் கையால் திருத்திவைத்த முதல் தொகுதியின் படி அழியாமல் எஞ்சியிருந்தது. அதிற் கண்ட திருத்தங்களும் அப்பதிப்பின் பாடவேறுபாடுகளுள் இடம்பெற்றன.